சனிக்கிழமை அப்பா

கிண்டி ரயில் நிலையத்தில் நடைமேம்பாலப் படிக்கட்டுக்குக் கீழே ஒரு பெஞ்ச். ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு நானும் என் பையனும் அதில் உட்கார்ந்திருப்போம். நாங்கள் குரோம்பேட்டையிலிருந்து பீச் வண்டியில் வருவோம். அவனுடைய அப்பா கோடம்பாக்கத்திலிருந்து தாம்பரம் வண்டியில் வருவார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் பொதுவான ஓர் இடம் வேண்டும் என்று வக்கீல்கள் பேசிக்கொண்டிருந்தபோது, 'கிண்டி' என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். கல்யாணமான எட்டு வருடத்தில் நாங்கள் அப்படி ஒரே குரலில் சொன்ன பதில் வேறு ஏதும் இருந்ததாக நினைவில்லை.

அவர் வண்டியிலிருந்து இறங்கி வருவார். நான் எழுந்து நிற்பேன்.

"சாப்டானா?"

"சாப்டான்."

பை கைமாறும். பையன் ஒரு முறை திரும்பிப் பார்ப்பான், பிறகு அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நடப்பான். மறுநாள் மாலை ஆறு மணிக்கு இதே காட்சி தலைகீழாக. முதல் முறை வந்தபோது அவனுக்கு ஐந்து வயது. இப்போது ஒன்பது. சட்டை நுனியைப் பிடிப்பதை எந்த மாதத்தில் நிறுத்தினான் என்று நான் கவனிக்கவில்லை.

ஆரம்ப நாட்களில் ஒரு தடவை அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினான்கு நாளைக்கு 336 மணி நேரம். சனி காலை 10 முதல் ஞாயிறு மாலை 6 வரை என்றால் 32. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த 32 மணி நேரத்தில் எந்த அப்பாவாவது ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பாரா? மால், பீட்சா, கடற்கரை, ராத்திரி பன்னிரண்டு வரை கேம்ஸ். ஞாயிறு சாயங்காலம் கண் சிவந்து, வீட்டுப்பாடம் செய்யாமல், கையில் புதுப் பொம்மையோடு வந்து இறங்குவான். "அப்பா திட்டவே மாட்டாரும்மா" என்பான். திட்டுகிற வேலை முழுக்க என் பங்கில் இருந்தது. திங்கள்கிழமைகள் எல்லாம் என்னுடையவை.

பிரிந்த பிறகு பிள்ளை வளர்ப்பதைப் பற்றி இங்கே பேச்சு வந்தால், 'யாருக்கு எத்தனை நாள்' என்பதில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. கோர்ட் பிரித்துக் கொடுப்பது நேரத்தை. பிள்ளையை வளர்ப்பதில் இருக்கும் வேலையை, ஃபீஸ் கட்டும் கடைசித் தேதியை, தடுப்பூசி அட்டையை, 'கிடையாது' என்று சொல்லிவிட்டு அழுகையைத் தாங்கிக்கொள்ளும் அந்தப் பத்து நிமிடத்தை யாரும் ஆணையில் எழுதித் தர முடியாது. அதை நாங்கள் பிரித்துக்கொள்ளவே இல்லை என்று எனக்கு உறைத்தது ஒரு நவம்பர் இரவில்.

இரவு 11.40

மழை பெய்துகொண்டிருந்தது. அவருடைய எண்ணிலிருந்து அழைப்பு. சனிக்கிழமை ராத்திரிகளில் அவர் அழைத்ததே இல்லை.

"வீசிங் மாதிரி இருக்கு. இன்ஹேலர் எத்தனை பஃப்?"

"ரெண்டு. ஸ்பேசர் வச்சுக் கொடுக்கணும்."

"ஸ்பேசர்னா?"

கோபம் உச்சிக்கு ஏறியது. பெற்ற பிள்ளைக்கு ஸ்பேசர் என்றால் என்னவென்று தெரியாத ஓர் அப்பா! பை முன் ஜிப்பில் இருக்கும் பிளாஸ்டிக் குழாயை எடுக்கச் சொன்னேன். இன்ஹேலரைக் குலுக்கி, ஒரு பஃப், பத்து மூச்சு, பிறகு அடுத்தது. போனில் பையன் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. பின்னணியில் அவன் பாட்டியின் குரல். அரை மணியில் தணிந்தது. "தூங்கிட்டான்" என்று ஒரு வார்த்தை மெசேஜ் வந்தது. நான் தூங்கவில்லை.

விடியற்காலையில் பீரோவைத் திறந்து அந்த ஃபைலை எடுத்தேன். பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதம் முதல் போன மாத மருந்துச் சீட்டு வரை தேதிவாரியாக அடுக்கியிருந்தேன். என் அம்மா அதைச் சொந்தக்காரர்களிடம் எடுத்துக் காட்டிப் பெருமைப்படுவாள். அதில் ஒரு காகிதத்தைக்கூட அவருக்கு நான் காட்டியதில்லை. டாக்டரிடம் போகும் தேதியைச் சொன்னதில்லை. ஸ்கூல் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெற்றோர் எண் போதும் என்றபோது, என் எண்ணைக் கொடுத்துவிட்டுத் திருப்தியோடு வந்தேன். அவருக்கு எதுவும் தெரியவில்லை என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேனே, அவருக்குத் தெரியாமல் இருப்பதில் எனக்கு ஒரு சௌகரியம் இருந்தது. பிள்ளை என்னுடையவன் என்பதற்கு அந்த ஃபைல்தான் என் பத்திரம்.

அடுத்த வாரம் ஜெராக்ஸ் கடையில் நாற்பத்தெட்டுப் பக்கம் நகல் எடுத்தேன். கிண்டியில் பையோடு சேர்த்து அதையும் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "அடுத்த செக்கப் நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். போனார். ஒரு வேலை நாளில் அரை நாள் லீவு போட்டு, டோக்கன் வாங்கி, இரண்டு மணி நேரம் காத்திருந்து. திரும்பி வந்தபோது அவருக்கு ஒரே ஒரு ஆச்சரியம்தான்: கம்பவுண்டர் முதல் டாக்டர் வரை எல்லாரும் "அம்மா வரலியா?" என்று கேட்டார்களாம். எனக்கு ஆச்சரியமில்லை. நான் போகும்போது ஒருவர்கூட "அப்பா வரலியா?" என்று கேட்டதில்லை.

டீ கொடுக்கச் சொன்ன தீர்ப்பு

இந்த விஷயத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டால், ஒரு பழைய வீட்டின் மீது மாடி மாடியாகக் கட்டிக்கொண்டே போன கட்டடம்தான் ஞாபகம் வரும். அஸ்திவாரம் 1890-ல் வெள்ளைக்காரர்கள் போட்ட காப்பாளர் மற்றும் காப்புக்குட்பட்டோர் சட்டம். அதன் மேல் இந்துக்களுக்கு 1956-ல் வந்த இளம்வயதினர் மற்றும் காப்பாளர் சட்டம். அதன் 6-வது பிரிவு இப்படிப் போகிறது: இயற்கைக் காப்பாளர் தந்தை, அவருக்குப் 'பின்' தாய். ஆனால் ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும். பிள்ளையை வைத்து வளர்ப்பவள் ஒருத்தி, காகிதத்தில் காப்பாளர் இன்னொருவர். இந்த விநோதத்துக்கு 13-வது பிரிவு ஒரு கடிவாளம் போட்டிருக்கிறது: எல்லாவற்றுக்கும் மேலானது குழந்தையின் நலன்.

அந்தப் 'பின்' என்ற ஒரு சொல்லுக்காகவே ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கோயம்புத்தூரில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன், தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிக் கடன் பத்திரம் வாங்க விண்ணப்பித்தார். அப்பா கையெழுத்து வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவரும் கணவரும் சேர்ந்துதான் வாழ்ந்தார்கள், கணவருக்கு ஆட்சேபம் ஏதுமில்லை. அப்படியும் அம்மாவின் கையெழுத்து செல்லவில்லை. மணமுறிவு வழக்கில் இருந்த சூழலியலாளர் வந்தனா சிவாவின் மனுவும் இதோடு சேர்த்து விசாரிக்கப்பட்டது. 1999-ல் தீர்ப்பு வந்தது: 'பின்' என்றால் தந்தையின் ஆயுளுக்குப் பின் என்று பொருளல்ல, தந்தை பொறுப்பில் இல்லாத நிலையில் என்று பொருள். சட்டத்தின் வரி மாறவில்லை, அதைப் படிக்கும் விதம் மாறியது. அந்த வரியையே மாற்றித் தாய் தந்தை இருவருக்கும் சமநிலை கொடுங்கள், இருவரும் சேர்ந்து வளர்க்கும் ஏற்பாட்டுக்கும் சட்டத்தில் இடம் கொடுங்கள் என்று 2015 மே மாதம் சட்ட ஆணையம் தன் 257-வது அறிக்கையில் பரிந்துரைத்தது. அறிக்கை அறிக்கையாகவே இருக்கிறது.

சென்னைக்கும் இந்தச் சட்ட வரலாற்றில் ஒரு பங்கு உண்டு. ரோஸி ஜேக்கப் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்துதான் டெல்லிக்குப் போனது. பிள்ளைகள் பெற்றவர்களின் உடைமையும் அல்ல, விளையாட்டுப் பொருளும் அல்ல என்று 1973-ல் அதில் உச்ச நீதிமன்றம் சொன்னது, இன்றைக்கும் கஸ்டடி வழக்குகளில் எடுத்துச் சொல்லப்படுகிறது.

ஆனால் எனக்குப் பிடித்தது ஒரு டீ விவகாரம். 2022-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு தனி நீதிபதி முன்பு, பிரிந்துவிட்ட தம்பதியின் வழக்கு வந்தது. தாயின் வீட்டுக்கே போய்த் தந்தை குழந்தையைப் பார்க்கலாம் என்று அனுமதித்த நீதிபதி, அதோடு நிற்கவில்லை. வருகிறவரை விருந்தாளியாக நடத்துங்கள், டீ, பலகாரம் கொடுங்கள், குழந்தையோடு சேர்ந்து சாப்பிடுங்கள், பிள்ளையின் முன்னால் ஒருவரை ஒருவர் மரியாதையாக நடத்துங்கள் என்றார். அதிதி தேவோ பவ என்ற உபதேசமும் அதில் இருந்தது. மேல்முறையீட்டில் இரண்டு நீதிபதிகள் அமர்வு அந்தப் பகுதியை நீக்கியது. ஒருவரை ஒருவர் எப்படி நடத்த வேண்டும் என்பது கோர்ட் தீர்மானிக்கிற விஷயம் அல்ல என்பது அவர்கள் நிலை.

எனக்கு இரண்டு பக்கமும் சரியாகப் படுகிறது. குழந்தைக்கு வேண்டியது அந்த டீதான். முன்னறையில் அப்பா ஒரு டம்ளரோடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிற பிள்ளையின் மனசு எவ்வளவு லேசாகும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஆணை போட்டு வரவழைக்கிற டீயில் என்ன இருக்கும்? வாங்கிய அடிகளை மறந்து அடுப்பைப் பற்றவை என்று ஒரு பெண்ணிடம் யார் சொல்வது? அந்த வழக்கில் அடி உதை இருந்தது என்று நான் சொல்லவில்லை. இருந்த வீடுகள் எத்தனையோ உண்டு என்கிறேன்.

அந்த வீடுகளைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். சேர்ந்து வளர்ப்பது என்பது எல்லாருக்குமான சத்துணவு அல்ல. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21-வது பிரிவு, குழந்தையைத் தற்காலிகமாகத் தாயிடம் ஒப்படைக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் தருகிறது. எதிர்த் தரப்பு வந்து பார்ப்பதால் குழந்தைக்குத் தீங்கு என்று அவர் கருதினால், அதை அனுமதிக்கவே கூடாது என்றும் சொல்கிறது. 'என்ன இருந்தாலும் அப்பா' என்று பஞ்சாயத்துப் பேச வரும் பெரியவர்கள் யாரும் அந்தப் பிரிவைப் படித்தவர்களாக எனக்குத் தெரியவில்லை.

எனக்கு ட்வின் இல்லையேம்மா

1965-ல் ஏவி.எம். எடுத்த 'குழந்தையும் தெய்வமும்' படத்தை நம் வீடுகளில் பார்க்காதவர்கள் குறைவு. கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம். ஜெய்சங்கரும் ஜமுனாவும் பிரிகிறார்கள். இரட்டைப் பெண் குழந்தைகளில் ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு வேடத்திலும் குட்டி பத்மினி. வளர்ந்த குழந்தைகள் ஒருநாள் சந்தித்து, இடம் மாறிப் போய், சண்டைபோட்ட அப்பா அம்மாவைச் சேர்த்துவைக்கிறார்கள். கோழியையும் சேவலையும் குஞ்சையும் வைத்து அதில் வரும் பாட்டை இன்றும் பாட்டிகள் பாடித் தூங்கவைக்கிறார்கள். மூலக் கதை எரிக் கேஸ்ட்னர் எழுதி 1949-ல் வந்த ஜெர்மன் நாவல், அது 1961-ல் ஹாலிவுட் போய், நான்கு வருடத்தில் கோடம்பாக்கம் வந்தது. மூன்று நாட்டிலும் முடிவு ஒன்றே: சேர்ந்துவிடுகிறார்கள், சுபம்.

போன பொங்கலுக்கு அவன் பாட்டி வீட்டு டி.வி.யில் அந்தப் படம் ஓடியிருக்கிறது. வந்த ராத்திரி படுக்கையில் ரொம்ப நேரம் புரண்டுகொண்டிருந்துவிட்டுக் கேட்டான்: "எனக்கு ட்வின் இல்லையேம்மா?"

முதலில் புரியவில்லை. புரிந்ததும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

நம்மிடம் இரண்டு முடிவுகள்தான் இருக்கின்றன. ஒன்று, பிள்ளைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு சேர்ந்திரு. இரண்டு, அறுத்துக்கொண்டு போனால் போனதுதான், அந்த வாசலை மிதிக்காதே. பிரிந்தவர்கள் பிள்ளைக்காகப் பேசிக்கொள்வது என்ற மூன்றாவது வகை நமக்குப் பிடிபடுவதே இல்லை. 2025-ல் மகனின் பள்ளிப் பட்டமளிப்பு நாளில் தனுஷும் ஐஸ்வர்யாவும் இரண்டு பக்கமும் நின்று அவனை அணைத்துக்கொண்ட படம் வந்தது. அதற்கு முந்தைய நவம்பரிலேயே அவர்களுக்கு விவாகரத்து ஆகிவிட்டது. எங்கள் எதிர்வீட்டு அக்கா போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "பாத்தியா, சேந்துட்டாங்களா?" என்றார். இல்லைக்கா, பையன் ஸ்கூல் ஃபங்ஷன் என்றேன். அக்காவுக்கு முகம் விழுந்துவிட்டது. பிரிவை அறிவித்த அதே ஆண்டு டிசம்பரில் ஜி.வி.பிரகாஷும் சைந்தவியும் மலேசிய மேடையில் சேர்ந்து பாடியபோதும் அக்காவின் கேள்வி இதுதான்.

நமக்குப் பழக்கமில்லாத விஷயம் என்றும் சொல்ல முடியாது. தீர்த்துவிடுவதும் அறுத்துக் கட்டுவதும் தமிழ்நாட்டில் பல சாதிகளில் காலங்காலமாக இருந்த வழக்கம். அப்படிப்பட்ட வழக்காற்று மணமுறிவை 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டமே கைவைக்காமல் விட்டிருக்கிறது. தாலியையும் பாத்திரத்தையும் திருப்பிக் கொடுக்கும் முறையை ஊர்க்கூட்டம் வகுத்து வைத்திருந்தது. பிள்ளையைப் பற்றிப் பேசும்போது மட்டும் 'யாரிடம்' என்ற கேள்வியோடு பேச்சு நின்றுவிடும். 'எப்படி' என்று கேட்க ஆளில்லை.

அதனால்தானோ என்னவோ, இந்த உறவுக்கு நம்மிடம் பெயரும் இல்லை. மகனின் மாமனாருக்குச் சம்பந்தி என்று ஒரு பெயர், மனைவியின் தங்கை புருஷனுக்குச் சகலை, புருஷனின் தம்பி பெண்டாட்டிக்கு ஓரகத்தி. இவ்வளவு நுணுக்கமாகப் பெயர் வைத்த மொழியில், என் பிள்ளையின் அப்பாவாக இருந்துகொண்டு எனக்குக் கணவனாக இல்லாத ஆளுக்கு ஒரு சொல் கிடையாது. 'முன்னாள் கணவர்' என்பது பேப்பரில் எழுதுவது. வாயில் வராது. நான் 'பையனோட அப்பா' என்பேன். அவருடைய அம்மாவை இன்னும் 'அத்தை' என்றுதான் கூப்பிடுகிறேன். விவாகரத்து ஆணையில் அத்தையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. பையனுக்கு ஜுரம் என்றால் அத்தை போன் செய்து, "மிளகு ரசம் வெச்சுக் குடு, ஏசிய நிறுத்து" என்பார். நான் சரிங்கத்தை என்பேன். இன்னொன்று: சேர்ந்திருந்த எட்டு வருடமும் என்னை 'நீ' என்றவர், கோர்ட் படி ஏறியதிலிருந்து 'நீங்க' என்கிறார். முதலில் குத்தியது. இப்போது பார்த்தால் எங்களுக்குள் வேலை நடப்பதே அந்த 'நீங்க'வால்தான்.

அமெரிக்கச் சமூகவியலாளர் கான்ஸ்டன்ஸ் அரான்ஸ் 1994-ல் 'நல்ல விவாகரத்து' என்று தலைப்பே வைத்து ஒரு புத்தகம் எழுதினார். பிரிந்த தம்பதிகளை அவர் ஐந்து வகையாகப் பிரிக்கிறார். உயிர் நண்பர்களாகவே தொடர்பவர்கள் ஒரு முனையில், முகத்திலேயே விழிக்காதவர்கள் மறு முனையில். நடுவில் ஒரு வகைக்கு அவர் வைத்த பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது: ஒத்துழைக்கும் சக ஊழியர்கள். ஒரே ஆபீசில் வேலை பார்க்கிறோம், சேர்ந்து சினிமாவுக்குப் போக வேண்டியதில்லை, ஃபைல் நகர்ந்தால் போதும்.

பணமும் பிள்ளையும்

ஃபைல் நகராமல் போகும் இடம் பெரும்பாலும் பணம். உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் குடும்பநல நீதிமன்ற வராந்தாவில் அரை நாள் நின்றால் இரண்டு வாக்கியங்கள் மாறி மாறிக் காதில் விழும். "காசு கட்டினாத்தான் பிள்ளைய காட்டுவேன்." "பிள்ளைய காட்டினாத்தான் காசு கட்டுவேன்." இரண்டும் சட்டத்தில் நிற்காது. ஜீவனாம்சம் வேறு வழி, சந்திப்பு உரிமை வேறு வழி. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144 ஆகிவிட்டது. எண் மாறினாலும் பிள்ளைக்குச் சோறு போடும் கடமை அதேதான். சம்பளத்தை மறைக்கும் வித்தைகளுக்கு முடிவுகட்ட, இரண்டு தரப்பும் வருமானம், சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020-ல் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நான் யோக்கியம் என்று சொல்லவரவில்லை. ஒரு முறை டேர்ம் ஃபீஸ் தள்ளிப்போனது. நேராகக் கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை. "உங்கப்பாகிட்ட சொல்லு, இருபதாம் தேதிக்குள்ள கட்டணுமாம்" என்று பையனிடம் சொல்லி அனுப்பினேன். பெஞ்சிலிருந்து அவன் எழுந்து போய், கையைக் கட்டிக்கொண்டு, மனப்பாடச் செய்யுள் ஒப்பிப்பது மாதிரி அதைச் சொன்னான். 'கட்டணுமாம்' என்பதில் அந்த 'ஆம்' வரை மாறாமல். அவர் முகம் கறுத்தது என்மீது, ஆனால் அதற்கு எதிரே நின்றது ஏழு வயதுப் பிள்ளை. அன்று முதல் பணப் பேச்சு எங்கள் இரண்டு போன்களுக்குள் மட்டும்தான்.

கையெழுத்து இன்னொரு தலைவலி. பிள்ளையின் பாஸ்போர்ட்டுக்கு அப்பா அம்மா இருவரும் கையெழுத்திடும் உறுதிமொழி ஒன்று இருக்கிறது, ஒருவர் மட்டும் இடுவதற்கு வேறொன்று இருக்கிறது. பிரிந்தவர்கள் எந்தக் காகிதத்தோடு போனாலும் கவுன்ட்டரில் இருப்பவர் முதலில் நம் கழுத்தைத்தான் பார்ப்பார். பரஸ்பர சம்மத மனு எழுதும்போதே பாஸ்போர்ட், டி.சி., ஆபரேஷன் சம்மதம் ஆகியவற்றுக்கு யார் கையெழுத்து என்று ஒரு பத்தி சேர்த்துக்கொள்வது பின்னால் பல மாதங்களை மிச்சப்படுத்தும். தீபாவளி யார் வீட்டில், பொங்கல் யார் வீட்டில், மே மாத லீவில் எந்தப் பாதி யாருக்கு என்பதெல்லாம் வழக்கமாக எழுதுகிறார்கள். குலசாமி கோயிலை எழுத மறந்துவிடுகிறார்கள். எங்கள் மனுவிலும் இல்லை. பையனுக்கு மொட்டை போட அப்பா வழிக் குலசாமிக்குத்தான் போக வேண்டும், காது குத்த மடியில் உட்காரவைக்க என் அண்ணன் வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு குடும்பமும் திருச்சி தாண்டி ஒரு வேப்பமரத்தடியில் ஒரே ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தோம். என் அண்ணனுக்கு இலை போட்டது அவருடைய தம்பி. யாரும் பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. பாயசம் நன்றாக இருந்தது.

போனைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேறு மாநிலத்திலோ நாட்டிலோ இருக்கும் பெற்றோருக்கு, நேரில் பார்ப்பதுபோலவே போனிலும் வீடியோ அழைப்பிலும் பிள்ளையோடு பேசும் உரிமை முக்கியம் என்று 2020-ல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது. நாங்கள் ஒரே ஊர்தான், ஒரே ரயில் பாதைதான். அப்படியும் தினமும் இரவு எட்டரைக்கு அழைப்பு வரும். முதலில் அதில் "சாப்டியா, படிச்சியா" மட்டும்தான். இப்போது செவ்வாயும் வியாழனும் கணக்குப் பாடம் வீடியோவில் நடக்கிறது. பின்னக் கணக்கில் நான் தோற்ற இடத்தில் அவர் ஜெயித்துக்கொண்டிருக்கிறார். சனிக்கிழமைக்கு வெளியே அவருக்குக் கிடைத்த முதல் வேலை அது. அதிலிருந்துதான் அவர் பையனைத் திட்ட ஆரம்பித்தார். ஒரு வியாழக்கிழமை அடுப்படியில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டபோது எனக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது?

யாராவது ஒருவர் மறுமணம் செய்துகொண்டால் இந்தத் தராசு மறுபடியும் ஆடும். தாய் மறுமணம் செய்துகொண்டாள் என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளையை அவளிடமிருந்து எடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் புதிதாக வந்தவரைப் பிள்ளை என்னவென்று கூப்பிடுவது? 'சித்தி' என்ற சொல்லை நம் கதைகள் ஏற்கெனவே கெடுத்துவைத்திருக்கின்றன. என்னோடு வேலை பார்க்கும் ஒருவருடைய மகள், அப்பாவின் இரண்டாவது மனைவியை ஒரு வருடமாக எந்தப் பெயரும் சொல்லாமல், "இந்தாங்க", "பாருங்க" என்றே சமாளித்துவருகிறாளாம். எங்கள் வீட்டுக்கு அந்தக் கேள்வி இன்னும் வரவில்லை.

நாற்பது பக்க நோட்டு

ஃபைலை நகலெடுத்துக் கொடுத்த பிறகு மெதுவாகச் சில பொருள்கள் இரட்டித்தன. கோடம்பாக்கம் வீட்டில் ஒரு டூத் பிரஷ், ஒரு செட் யூனிஃபார்ம், ஒரு நெபுலைசர், ஒரு ஜாமெட்ரி பாக்ஸ். ஸ்கூல் ஐ.டி. கார்டும் பையன் கட்டிக்கொண்டு தூங்கும் பழைய தலையணை உறையும்தான் இரட்டிக்க முடியாதவை. பையோடு போய்ப் பையோடு வரும்.

கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டும் போய் வருகிறது. பேச ஆரம்பித்தால் பழசு கிளம்பிவிடுகிறது, மெசேஜில் தொனி தப்பாகப் போகிறது என்று, நோட்டு போடலாம் என்றது அவர்தான். அட்டையில் பெயர் இல்லை. திறந்தால் இப்படி இருக்கும்:

'புதன் முதல் ஆன்டிபயாடிக். ராத்திரி டோஸ் ஞாயிறு வரை கொடுக்கணும்.'

'கொடுத்தாச்சு. முட்டை ரெண்டு சாப்பிட்டான்.'

'செவ்வாய் தமிழ் டெஸ்ட். திருக்குறள் பத்து. ஏழு தெரியும்.'

'ஒன்பது தெரியும்.'

'வேனில் யாரோ தள்ளிவிட்டிருக்காங்க. சொல்ல மாட்டேங்கிறான். கேட்டுப் பார்க்கணும்.'

'சொன்னான். நாளைக்கு ஸ்கூலுக்குப் போய்ப் பேசணும். நான் போறேன்.'

'கொடுக்கணும்', 'பார்க்கணும்', 'பேசணும்'. இதில் நீயும் இல்லை, நீங்களும் இல்லை. யார் செய்ய வேண்டும் என்று சொல்லாமலே வேலையைச் சொல்லிவிட முடிகிற வசதி நம் மொழியில் இருக்கிறது. உறவுக்குப் பெயர் வைக்காத மொழி இந்த விதத்தில் கைகொடுத்திருக்கிறது. இப்போது நடப்பது மூன்றாவது நோட்டு. போன மழையில் இரண்டாவது நனைந்து நீல மை முழுக்க ஊறிவிட்டது, அதையும் காயவைத்து ஃபைலில் வைத்திருக்கிறேன்.

எல்லாம் சீராகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். போன மாதம் ஆண்டு விழாவுக்கு ஒரு வீட்டுக்கு இரண்டு பாஸ் என்று பள்ளியில் கொடுத்தார்கள். நான் என் அம்மாவைக் கூட்டிப் போய்விட்டேன். அவர் கேட்டில் நின்றிருக்கிறார். இரண்டு வாரம் நோட்டில் மருந்தும் பரீட்சையும் தவிர எதுவும் இல்லை. கையெழுத்துகூடக் கோணலாக இருந்தது.

போன ஞாயிறு ஆறு மணிக்குப் பையன் தாம்பரம் வண்டி நெரிசலிலிருந்து பிதுங்கி வந்து இறங்கினான். வாயைத் திறந்து காட்டினான். மேல் வரிசையில் ஓர் ஓட்டை. அவர் பையைக் கொடுத்துவிட்டுப் பீச் வண்டிக்குப் படியேறிப் போனார். வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தேன்.

'பல் விழுந்தது, சனி ராத்திரி 9 மணி. அழலை. பேப்பரில் மடிச்சு முன் ஜிப்பில் இருக்கு. கூரை மேல போடணும். இங்கே மொட்டை மாடி பூட்டியிருக்கு.'

ஜிப்பைத் திறந்தால் ஸ்பேசருக்குப் பக்கத்தில் காலண்டர் தாள் பொட்டலம். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பிலும் கூரை கிடையாது. பையனைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போனேன். பக்கத்து வொர்க்‌ஷாப்பின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை கீழே தெரிந்தது. "அப்பாவுக்கு வீடியோ போடும்மா, அவரும் பாக்கணும்" என்றான். போட்டேன். இருட்டில் அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. பையன் கையை ஓங்கி வீசினான். கீழே தகரத்திலோ ஷீட்டிலோ எதிலோ பட்டு 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது.

"விழுந்துச்சா?" என்று போனில் கேட்டார்.

"விழுந்துச்சு" என்றோம்.